யார்க்‌ஷைர் ஃபாக் ஒரு புல், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில், மூடுபனிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பழைய சொற்களைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கக் கட்டுரை வந்திருந்தது. டீக்கடையில் நின்றபடியே படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். ஹார், ஃப்ரெட், ரோக், மிஸில் என்று வரிசையாகப் போட்டிருந்தீர்கள். இந்தச் சொற்களை ஒரு தமிழ்ப் பத்திரிகையில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. எழுதியவருக்கு நன்றி. ஆனால் சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது சின்ன விஷயம். பட்டியலில் 'யார்க்‌ஷைர் ஃபாக்' என்று ஒன்றைச் சேர்த்து, வடக்கு இங்கிலாந்தின் அடர்ந்த மூடுபனி என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார். அது ஒரு புல், ஐயா. தொட்டால் மெத்தென்று இருக்கும், லேசான ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் கதிர்விடும், மாடு மேய்கிற புல். இங்கிலாந்தின் வடக்கே, வைக்கோலுக்காகப் புல்லை அறுத்த பிறகு மறுபடி துளிர்க்கிற புல்லுக்கே 'ஃபாக்' என்றுதான் பெயர். உழவர்கள் மாட்டை அதில் இறக்கிவிடுவார்கள். சொல்லப்போனால், புல்லுக்கு அந்தப் பெயர் வந்தது முதலில். மூட்டத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். இரண்டுக்கும் ஏதாவது உறவு உண்டா என்று அகராதிக்காரர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுவோம்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். இந்தச் சொற்களெல்லாம் கவிஞர்கள் கண்டெடுத்தவை என்றும், அவை ஒவ்வொன்றாக மறைந்துவருவது மாபெரும் இழப்பு என்றும் கட்டுரையாளர் எழுதுகிறார். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சரக்குக் கப்பலில் சுக்கானியாக இருந்தவன். சுக்கான் பிடிப்பவன் என்று அர்த்தம். கப்பலை நடத்துகிறவன் இல்லை. நடுக்கடலில் கேப்டனோ, அவருக்கு அடுத்த அதிகாரியான மேட்டோ எந்தத் திசை என்று சொல்வார்கள். துறைமுகத்தை நெருங்கினால் அந்த ஊர் பைலட், அதாவது துறைமுகத்துக்குள் வழிகாட்டுகிறவர், ஏணியில் ஏறி வந்து சொல்வார். நான் சக்கரத்தைத் திருப்புவேன். அவர் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்வதைத் தவிர எனக்கு வாய் திறக்கும் வேலை கிடையாது. ஆனால் காதை யாரும் மூடச் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து நான் போன கப்பல்கள் பிரிட்டனின் கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்குப் போய்வந்தன. ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் துறைமுகமான லீத், பிறகு டீஸ், ஹல், கடைசியில் லண்டன் பக்கம் டில்பரி. வடகடலை ஒட்டி மேலிருந்து கீழே இறங்குகிற வழி அது.

தூத்துக்குடிப் பையனுக்குக் கடலில் மூடுபனி என்றால் என்னவென்றே தெரியாது. நம்முடைய கடல் வெதுவெதுப்பானது. மழை மறைக்கும், புழுதி மறைக்கும், பனி மறைத்து நான் பார்த்ததில்லை. முதல் தடவை லீத்துக்குள் போகும்போதுதான் பார்த்தேன். மே மாதம். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. மாலுமிகளுக்குத் தலைவரான செரங் ஆட்களை முன்னால் நங்கூரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். கிழக்கே கடல்மேல் வெள்ளையாக ஒரு சுவர் படுத்திருந்தது. பைலட் அதைப் பார்த்துவிட்டு, கேப்டனிடம் "ஹார் வருது" என்கிற அளவில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அது யாரோ ஒருவருடைய பெயர் போலக் கேட்டது. அரைமணி நேரத்துக்குள் கப்பலின் முன்பக்கக் கம்பமான முன்மாஸ்ட் காணாமல் போனது. அப்புறம் செரங் நின்ற இடமும் காணாமல் போனது. அவருடைய குரல் மட்டும் வந்தது, அதுவும் எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியாதபடி.

ஹார் எப்படி உண்டாகிறது என்பதையும் அந்த பைலட்டுகள் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். வசந்தத்திலும் கோடையிலும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ஐரோப்பாக் கண்டத்தின் பக்கமிருந்து இளஞ்சூடான ஈரக்காற்று வடகடலைத் தாண்டி வரும். கடல் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். குளிர்ந்த தண்ணீரை உரசிய காற்று தானும் குளிர்ந்து, தாங்க முடியாத ஈரத்தைத் துளித்துளியாக விட்டுவிடும். மெல்லிய கீழ்க்காற்று அதை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து கரையில் சேர்க்கும். காற்று மேற்கிலிருந்து அடித்தால் ஹார் கிடையாது. ஆகவே லீத் பைலட் ஹார் என்று சொன்னால், பார்வை மறைகிறது என்பது மட்டும் சேதி இல்லை. காற்று கிழக்கே திரும்பிவிட்டது, கோடை வெயில் உள்நாட்டில் அடித்துக்கொண்டிருக்கிறது, வெயில் ஏறினால் கரையோரம் கொஞ்சம் விலகும், சாயங்காலம் மறுபடி வரும் என்று இத்தனையும் அந்த ஒற்றை அசையில் இருந்தது. கேப்டன் அதைக் கேட்டுத்தான் இப்போதே உள்ளே போவதா, வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருப்பதா என்று முடிவெடுத்தார்.

ஹார் பெரும்பாலும் உயரமாக இருக்காது. எடின்பரோ ஊருக்குள் ஆர்தர்ஸ் சீட் என்று 251 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று இருக்கிறது. நாங்கள் கீழே ஒன்றும் தெரியாமல் ஊதிக்கொண்டு கிடக்கிற நாளில், அதன் உச்சியில் நின்றவர்கள் வெயிலில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கரையிலிருந்து சில மைல் உள்ளே போனால் குழந்தைகள் அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் சாப்பிடும். கரையில் ஸ்வெட்டர் போட்டாலும் குளிர் போகாது.

ஊதுவது என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். பார்வை குறைந்தால் ஓடுகிற கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நீண்ட சங்கு ஊத வேண்டும். நான்கு முதல் ஆறு விநாடி. எஞ்சினை நிறுத்தித் தண்ணீரில் சும்மா நின்றால் இரண்டு நீண்ட சங்கு. நங்கூரம் போட்டிருந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை மணியை ஐந்து விநாடி விடாமல் அடிக்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். இரவு முழுக்க அந்தச் சங்கு ஊதிக்கொண்டிருக்க, ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவன் கண்ணை மூட முடியாது. எங்கள் சமையல்காரரான பண்டாரி, அடுப்பில் கை வைத்துக்கொண்டே விநாடியை எண்ணுவார். சரியாகச் சங்குக்கு முன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்துவார். முன்னால் நிற்கிற லுக்அவுட் ஆளுக்கு இன்னும் கஷ்டம். வலப்பக்கம் எதையாவது பார்த்தால் மணி ஒன்று, இடப்பக்கம் என்றால் இரண்டு, நேர் எதிரே என்றால் மூன்று. அந்த மூன்றைக் கேட்டுவிடக் கூடாதே என்று சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு ஒரு பிரார்த்தனையே ஓடும். புருவத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். துடைக்கக் கையை எடுக்க மனசு வராது.

இதில் கவிஞர் எங்கே வந்தார், சொல்லுங்கள்.

லீத்திலிருந்து கீழே இறங்கினால் அடுத்து நார்தம்பர்லாந்துக் கரை, அப்புறம் டைன் ஆறு, வியர், டீஸ். அதே கடல், அதே காற்று, அதே மூட்டம். ஆனால் டீஸ் பைலட் வாயில் ஹார் என்று வரவே வராது. அவருக்கு அது ஃப்ரெட், அல்லது சீ ஃப்ரெட். டைனுக்குத் தெற்கே சூட்டர் என்று ஒரு கலங்கரை விளக்கம். 1871இல், மின்விளக்குக்கென்றே திட்டமிட்டுக் கட்டியது. ஃப்ரெட் வந்துவிட்டால் விளக்கு இருந்தும் பயனில்லை, அதன் சங்குதான் துணை. 1988இல் அந்த விளக்கையும் சங்கையும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் அந்தப் பக்கம் போனவர்களுக்கு அடிவயிற்றில் கேட்கிற சத்தம் அது. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் கர்டில் நெஸ் கலங்கரை விளக்கத்தின் சங்குக்கு அந்த ஊர்க்காரர்கள் 'டோரி கூ' என்று பெயர் வைத்திருந்தார்கள். டோரி என்கிற மீனவர் பகுதியின் பசு என்று பொருள். அதுவும் 1987இல் வாயை மூடிவிட்டது. ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கங்களின் கடைசி மூடுபனிச் சங்கு 2005 அக்டோபரில் நின்றது. ரேடார் வந்தது, ஜிபிஎஸ் வந்தது, சங்கு எதற்கு என்றார்கள். சரிதான். சங்கை நம்பிப் பாறையில் ஏறிய கப்பல்களும் உண்டு, ஏனென்றால் மூட்டத்துக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இன்னும் கீழே, ஹல் இருக்கிற ஹம்பர் ஆற்று முகத்துக்கு வந்தால் மூட்டம் மறுபடியும் பெயர் மாறும். அங்கே வயதான பைலட் ஒருவர் ரோக் என்பார். நார்ஃபோக், சஃபோக் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் சாயங்காலம் தண்ணீரிலிருந்து ஆவி போல எழுந்து வருகிற மூட்டத்துக்கும் அதே பெயர். ரீக் என்று ஒரு சொல் உண்டு, புகைக்கும் ஆவிக்கும் பெயர். எடின்பரோவை அந்த ஊர்க்காரர்கள் 'ஆல்ட் ரீக்கி', கிழட்டுப் புகைக்காரி என்று செல்லமாகக் கூப்பிடுவது அதை வைத்துத்தான். ரோக் அதற்குச் சொந்தமாக இருக்கலாம் என்கிறார்கள். வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் குடியேறிய கரை அது; அவர்கள் பேச்சு அங்கே ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஹார் என்பதற்கும் கடலுக்கு அந்தப் பக்கம், பழைய டச்சுக்காரர் பேச்சில், உடம்பை அறுக்கிற குளிர்காற்று என்று பொருள் இருந்ததாம். அதாவது ஹெர்ரிங் மீனையும் கம்பளியையும் ஏற்றிக்கொண்டு எதிரெதிர்க் கரைகளுக்குப் போய்வந்தவர்கள் சொற்களையும் சேர்த்தே இறக்கியிருக்கிறார்கள். மங்கலான என்று பொருள்படும் 'ஹேஸி' என்கிற சொல்கூட 1620களில் முதலில் தலைகாட்டுவது கப்பல்காரர் பேச்சாகத்தான். 'ஹேஸ்' அதிலிருந்து பிற்பாடு வந்தது.

மெல்லிய மூட்டத்தைச் சொல்கிற 'மிஸ்ட்' மட்டும்தான் உண்மையிலேயே பழங்கிழவி. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபில் அரக்கன் கிரெண்டல், மூட்டம் கவிந்த சரிவுகளின் அடியில் நடந்து வருகிறான். அங்கே இருக்கிற சொல் இன்றைக்கும் எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது. இந்த ஒரு இடத்தில் கட்டுரையாளருக்கு ஒரு கவிஞரைக் கொடுத்துவிடுகிறேன்.

மிஸில் பற்றியும் ஒரு வார்த்தை. மிஸ்ட், டிரிஸில் (தூறல்) இரண்டையும் வெட்டி ஒட்டிய சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் மிஸில் 15ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. டிரிஸில் அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் எழுத்தில் வருகிறது. பேத்தி பிறக்காமல் பாட்டிக்குப் பெயர் வைத்த கதையாகிவிடும். இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன், கார்ன்வால் பக்கத்தில் இன்றும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். நின்று பார்த்தால் மழை இல்லை, நடந்து போனால் தொப்பலாக நனைந்திருப்போம், அதுதான் மிஸில்.

இதையெல்லாம் ஒரு சுக்கானி எங்கே படித்தான் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு, மகள் வேலை பார்க்கிற ஊரில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே நூலகத்தில் ஜோசப் ரைட் என்பவர் தொகுத்த ஆங்கில வட்டார வழக்கு அகராதி ஆறு தொகுதியாக இருந்தது. 1898இலிருந்து 1905 வரை வெளிவந்தது. பைலட்டுகள் வாயில் கேட்டதை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே அந்த மனிதரின் கதையும் தெரிந்தது. கட்டுரையாளர் அவரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால்கூட எனக்கு இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

ஜோசப் ரைட் 1855இல் யார்க்‌ஷைரில் பிராட்ஃபோர்டு பக்கத்தில் பிறந்தவர். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை ஓட்டும் வேலை. அப்புறம் சால்டேர் ஊரிலிருந்த பெரிய கம்பளி மில்லில், நூல் சுற்றி முடிந்த கட்டைகளை எடுத்துவிட்டு வெற்றுக் கட்டைகளை மாட்டுகிற பையன். பதினைந்து வயது வரை அவருக்குச் செய்தித்தாள் படிக்கத் தெரியாது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்து, ராத்திரிப் பள்ளிக்குப் போய், சேர்த்த காசில் ஜெர்மனிக்குப் போனார். ஆண்ட்வெர்ப்பில் இறங்கி ஹைடல்பர்க் வரை நடந்தே போனாராம். திரும்பி வந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பிலக்கணப் பேராசிரியர் ஆனார். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் அவருடைய மாணவர். அப்படிப்பட்டவர் கடைசிவரை தன் ஊர்ப் பேச்சை விடவில்லை. நாடு முழுக்க ஆட்களைக் கேட்டு, சீட்டு சீட்டாக எழுதி வாங்கி, சுரங்கத்திலும் வயலிலும் படகிலும் புழங்கிய சொற்களை அகராதியில் ஏற்றினார். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கியதை, மில்லில் வளர்ந்த ஒருவர் பொறுக்கி வைத்தார். இன்றைக்கு அழகான பழஞ்சொல் என்று நாம் ரசிப்பதில் பாதி அவர் கைவழி வந்ததாகத்தான் இருக்கும்.

சரி, இந்தச் சொற்கள் மறைவது இழப்பு என்கிற விஷயத்துக்கு வருகிறேன். எல்லாச் சொல்லும் மறையவில்லை. ஹார் மறையவில்லை, ஸ்காட்லாந்து தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர் இன்றும் ஹார் என்றுதான் சொல்கிறார், ஏனென்றால் ஹார் இன்றும் வருகிறது. ஃப்ரெட்டும் அப்படியே. ரோக் தேய்ந்துவருகிறது என்பது உண்மை. ஆனால் கட்டுரையாளர் மிகவும் வருந்தி எழுதியிருக்கிற ஒரு சொல் உண்டு, 'பீ சூப்பர்'. பட்டாணி சூப் மாதிரி மஞ்சளாய்க் கெட்டியான லண்டன் மூட்டம். அது செத்துப்போனதற்கு அழுபவர் யாராவது இருந்தால் அவர் அதில் மூச்சு விட்டிருக்க மாட்டார்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? நான் சொன்ன அதே டைன் ஆற்றிலிருந்துதான். நியூகாசில் சுரங்கத்து நிலக்கரியைக் கப்பலில் ஏற்றி, இந்தக் கிழக்குக் கரையோரமாகவே இறக்கிக்கொண்டு வந்து தேம்ஸில் கொட்டினார்கள். கடல்வழி வந்ததால் லண்டன்காரர்கள் அதை 'சீ கோல்', கடல் கரி என்றார்கள். 1306 வாக்கிலேயே முதலாம் எட்வர்ட் அதை எரிக்கக் கூடாது என்று தடை போட்டார், யாரும் கேட்கவில்லை. 1661இல் ஜான் ஈவ்லின் லண்டன் புகையைப் பற்றி மன்னருக்கு ஒரு புத்தகமே எழுதிக் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. இந்த மூட்டத்துக்கு இன்னொரு பெயரான 'லண்டன் பர்டிகுலர்' என்பது உண்மையில் லண்டன் சந்தைக்கென்று தனியாக வந்த மதீரா மதுவின் பெயர். குடிக்கிறவர்கள் கேலியாக மூட்டத்துக்கு வைத்துவிட்டார்கள் போல. டிக்கன்ஸ் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார், ஆனால் யார் வாயில் என்று பாருங்கள்: ஊருக்குப் புதிதாக வந்து இறங்கிய பெண், எங்காவது தீப்பிடித்துவிட்டதா என்று கேட்க, அவளை அழைத்துப்போக வந்த வக்கீல் ஆபீஸ் இளைஞன் பதில் சொல்கிறான். அங்கேயும் அது தெருப்பேச்சுதான்.

1905இல் டெ வோ என்கிற டாக்டர், நிலக்கரிப் புகையைக் குறைக்கப் பாடுபட்ட சங்கத்தைச் சேர்ந்தவர், ஸ்மோக், ஃபாக் இரண்டையும் ஒட்டி 'ஸ்மாக்' என்று சொன்னார். இதுதான் நிஜமாகவே வெட்டி ஒட்டிய சொல். நகரத்தில் இருப்பது மூடுபனி இல்லை, வெறும் புகையும் இல்லை, அது வேறொரு சரக்கு என்று அடையாளம் காட்டத்தான் அவருக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது. அதன் பிறகும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1952 டிசம்பர் 5ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, லண்டன்மேல் காற்று அசையாமல் நின்றுவிட்டது. மேலே சூடான காற்று ஒரு மூடியாக உட்கார்ந்துகொண்டது. குளிருக்கு வீட்டுக்கு வீடு நிலக்கரி. போருக்குப் பிந்திய கடனை அடைக்க நல்ல கரி ஏற்றுமதிக்குப் போய், அடுப்புக்குக் கிடைத்தது மட்டமான தூள் கரி. 9ஆம் தேதி வரை ஊர் தெரியவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு நடந்தார். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் ஆபெரா பார்க்க வந்தவர்களுக்கு மேடை தெரியாமல் பாதியில் நிறுத்தினார்கள். கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்த மாடுகள் மூச்சு முட்டிச் செத்தன. மனிதர்களில் 4,000 பேர் என்று அப்போது கணக்கு. பிறகு வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன.

டில்பரியில் எங்கள் சரக்கை இறக்கிய ஒரு வயதான துறைமுகத் தொழிலாளி அந்த நாட்களில் சிறுவன். கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு போய்வந்தால், வீட்டில் அம்மா அதை வெந்நீரில் போட்டதும் தண்ணீர் மை மாதிரி ஆகிவிடும் என்று சொன்னார். அவர் அதைப் பீ சூப்பர் என்று சொல்லவில்லை. "அந்த ஃபாக்" என்று மட்டும் சொன்னார். அவருடைய தாத்தா அந்த வாரத்தில் போய்விட்டாராம். 1956இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. புகையில்லாத எரிபொருள் மட்டுமே எரிக்கலாம் என்று பகுதி பகுதியாக அறிவித்தார்கள். 1962 டிசம்பரில் இன்னொரு முறை மோசமாக வந்து பலரைக் கொண்டுபோனது, அதோடு மெல்ல ஒழிந்தது. நான் தேம்ஸில் சுக்கான் பிடித்த காலத்தில் அங்கே வந்த மூட்டம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆக, அந்தச் சொல்லைக் கொன்றது மக்களின் மறதி இல்லை, ஒரு சட்டம். இதை ஏன் இழப்பு என்று எழுத வேண்டும்?

கடலில் இந்தச் சொற்களின் இடத்துக்கு இன்று மீட்டர் வந்துவிட்டது. 1000 மீட்டருக்குக் கீழே தெரிந்தால் ஃபாக், அதற்கு மேலே என்றால் மிஸ்ட், ஈரமில்லாமல் தூசியும் புகையும் மறைத்தால் ஹேஸ். பிபிசி வானொலியில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வரும். ஃபார்ட்டீஸ், க்ரோமார்ட்டி, ஃபோர்த், டைன், டாகர் என்று கடல் பகுதிகளை வரிசையாகப் படித்துக்கொண்டே போவார்கள். அதில் பார்வைக்கு நான்கே படிகள். 'வெரி புவர்' என்றால் 1000 மீட்டருக்குள், 'புவர்' என்றால் அதிலிருந்து இரண்டு கடல் மைல் வரை, 'மாடரேட்' ஐந்து வரை, அதற்கு மேல் 'குட்'. இதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் பிலிப்பைன்ஸ்காரர் மேட்டாக, கிரேக்கர் கேப்டனாக, தூத்துக்குடிக்காரன் சுக்கானியாக நிற்கிற கப்பலில் ஹார் என்றால் ஒருவருக்கும் புரியாது, 800 மீட்டர் என்றால் எல்லோருக்கும் புரியும். நான் எண்ணின் பக்கம்தான். பைலட்டும் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் ஹார் என்று முணுமுணுப்பார், அது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது.

இங்கேதான் உங்களிடம் ஒரு கோரிக்கை. டிசம்பர், ஜனவரி வந்தால் டெல்லியில் கடும் பனிமூட்டம், ரயில் தாமதம், விமானம் ரத்து என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். கடும் என்றால் எவ்வளவு? இந்திய வானிலை ஆய்வுத் துறை தெளிவாகப் பிரித்தே சொல்கிறது. 1000 முதல் 500 மீட்டர் வரை லேசானது, 500 முதல் 200 வரை மிதமானது, 200 முதல் 50 வரை அடர்ந்தது, 50க்கும் கீழே போனால் மிக அடர்ந்தது. 300 மீட்டர் தெரிகிற சாலையில் லாரி ஓட்டலாம். 40 மீட்டர் தெரிகிற சாலையில் ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்குவதுதான் புத்தி. உங்கள் செய்தியில் இரண்டும் கடும் பனிமூட்டம்தான். நம் ஊரிலிருந்து உப்பும் தீப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற டிரைவர்கள் இதே பத்திரிகையை வாங்கி மடித்து வண்டியில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். அந்த மீட்டர் எண்ணை ஒரு வரியில் போட்டால் என்ன செலவு?

அதேபோல, போகி அன்று சென்னையில் டயரையும் பழைய பாயையும் கொளுத்தி, சில ஆண்டுகளில் விமானங்களே இறங்க முடியாமல் போயிருக்கிறது. அன்றைய ஈரக்காற்றும் அதற்குத் துணை போகிறது என்பது உண்மைதான். ஆனால் மறுநாள் தலைப்பில் பனியின்மேல் பழியைப் போட்டு முடித்துவிட வேண்டாம். எந்தப் பகுதியில் எவ்வளவு புகை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அன்றைக்கு அளக்கிறது. வருகிற போகிக்காவது அந்த அளவை முந்தைய ஆண்டின் அளவோடு பக்கத்தில் வைத்து அச்சிடுங்கள்.

அப்புறம், கட்டுரையாளருக்கு ஒரு தகவல். ஸ்காட்லாந்தில் 'ஸ்மர்' என்று இன்னொன்று உண்டு, காற்றில் மிதந்து வருகிற பொடிமழை. உங்கள் பட்டியலில் அது விட்டுப்போயிருக்கிறது. புல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுக்கானி,
தூத்துக்குடி